ரெண்டு ஆள் கம்ப்யூட்டர்

ஏகப்பனுக்குத் தொழிலில் ஒரு நெறி உண்டு. வேண்டிய பொருளைக் கண்ணால் பார்க்கக் கூடாது, வாயால் புகழக் கூடாது. காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும்தான். ஆனால் ஏகப்பன் அளவுக்கு யாரும் கடைப்பிடித்ததில்லை. வலையபட்டியில் ஒரு வீட்டைப் பிரிக்கிறார்கள் என்றால் நேரே போய், தேக்குக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். மூலையில் கிடக்கும் ஓட்டை எனாமல் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்து, "அடடா, என்ன வேலைப்பாடு" என்று உருகுவார். வீட்டுக்காரர் தூக்குச்சட்டிக்கு விலையை ஏற்றுவார். பேச்சு முறியும். செருப்பை மாட்டும்போது, போகிற போக்கில், "அந்தக் கதவு கறையான் அரிச்சுக் கிடக்கு, வேணும்னா எடுத்துட்டுப் போறேன்" என்பார். கதவு வண்டியில் ஏறிவிடும்.

பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். கீழச்சிவல்பட்டியில் பாத்திரக்கடைக்காரர் வீடு. பெண் கல்யாணசுந்தரி காப்பித் தட்டோடு வந்து நிற்க, மாப்பிள்ளை முகப்புத் தூணைத் தட்டித் தட்டிப் பார்த்து, "பர்மா மரம், நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெண்ணைப் பெற்றவர், இந்த இடம் தட்டிப்போச்சு என்றே முடிவு கட்டிவிட்டார். கல்யாணம் முடிந்த பிறகு அவள் சொன்னாள்: "நீங்க தூணைப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நானும் யாவாரி வீட்டுல பொறந்தவதான்."

"நீ மட்டும் என்ன, முத்தத்து வேப்பமரத்தையே பாத்துக்கிட்டு நின்னே."

"மரம் நல்லா இருந்துச்சு" என்றாள் கல்யாணி.

இப்படிப்பட்ட இருவர் வீட்டில்தான் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. மகள் தீக்ஷா கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. அவள் படித்து, வேலைக்குப் போய், பெங்களூரில் குடித்தனமும் வைத்துவிட்டாள். கம்ப்யூட்டர் மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. அதன் சுவிட்சு உள்ளே போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கல்யாணி பேனா மூடியால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் ஏகப்பன் குனிந்து பெட்டியின் விலாவில் தட்ட வேண்டும். ஓங்கித் தட்டினால் கோபித்துக்கொள்ளும். மெதுவாகத் தட்டினால் கண்டுகொள்ளாது. வண்டிமாட்டைக் கிளப்புகிற மாதிரி ஒரு பதமான தட்டு. விளக்கு எரிந்து, விசிறி இரைந்து, திரை தெளிவதற்குள் கல்யாணி அடுப்படிக்குப் போய்க் காப்பியே கலந்துகொண்டு வந்துவிடுவாள்.

அப்புறம் சீட்டு அடுக்குகிற ஆட்டம். உலகம் முழுக்க அதை ஒற்றை ஆளாகத்தான் ஆடுவார்கள். இவர்கள் ரெண்டு பேராக ஆடினார்கள். கல்யாணி கையில் மவுஸ். பக்கத்து ஸ்டூலில் ஏகப்பன், யோசனை சொல்ல.

"அந்தக் கறுப்பு ஏழை இங்குட்டு கொண்டாந்து வை."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா வைக்க வேண்டியதுதானே."

"வைக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க சொல்லிட்டீக, இனிமே எப்படி வைக்க?"

பெரும்பாலும் தோற்பார்கள். தோற்றதற்கு யார் காரணம் என்பதில் சாப்பாட்டு நேரம் வரை பேச்சு ஓடும். கடையில் பொழுதெல்லாம் பொய்யாகப் பேசிவிட்டு வருகிற ஏகப்பனுக்கு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து நிஜமாகச் சண்டை போடுகிற அந்த ஒரு மணி நேரம்தான் நாளின் லாபம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வேண்டிய சரக்கைப் பற்றி வாயைத் திறக்கிற பழக்கம்தான் அவருக்குக் கிடையாதே.

ஒருநாள் சாயங்காலம் தட்டியபோது பெட்டி டப்பென்று ஒரு சத்தம் போட்டது. கருகிய வாசம் வந்தது. அதற்குப் பிறகு எந்தத் தட்டுக்கும் அசையவில்லை.

போனில் தீக்ஷா சிரித்தாள். "அதைத் தூக்கிப் போடுங்க அப்பச்சி. அம்மாவுக்குப் பெரிய போன் மாதிரி டேப் ஒண்ணு அனுப்புறேன். அதே ஆட்டம் அதுலயும் இருக்கு. மடியில வச்சுக்கிட்டு, கட்டில்ல சாஞ்சுக்கிட்டே ஆடலாம்."

மடியில் என்று காதில் விழுந்ததும் ஏகப்பனுக்கு எங்கோ சுருக்கென்றது. டேப் என்பது ஒரு மடிக்கு உண்டான சாமான். அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் எதற்கு? ஸ்டூலில் ஆள்தான் எதற்கு?

"நல்ல யோசனை" என்றார்.

"ரொம்ப நல்ல யோசனை" என்றாள் கல்யாணி, பக்கத்திலிருந்து.

சரி, எதற்கும் ஒருதரம் பார்த்துவிடட்டும் என்று தீக்ஷாவே ஆள் அனுப்பினாள். வந்தது கிறிஸ்டி. கல்லலில் வாத்தியார் வீட்டுப் பெண், செக்காலையில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவள். ஒரே விலை என்று கடையில் போர்டு மாட்டியிருந்தாள். அந்த போர்டை ஏகப்பனும் பார்த்திருக்கிறார். பேரத்தை இப்படியும் ஆரம்பிக்கலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கிறிஸ்டி பெட்டியைத் திறந்து தூசியை ஊதினாள். உள்ளேயிருந்து ஒரு பல்லி முட்டை ஓடு உருண்டு வந்தது.

"பவர் சப்ளை போயிருச்சுய்யா. ஹார்ட் டிஸ்க்கும் தள்ளாடுது. ரெண்டையும் மாத்துனா ஓடும், ஆனா பழசு பழசுதான். புதுசு வாங்குறதா இருந்தா இதை நானே எடுத்துக்கிறேன், உதிரிக்கு ஆகும். உங்களுக்கு எது வேணும்?"

உங்களுக்கு எது வேணும். ஏகப்பனைப் பார்த்து இப்படி நேருக்கு நேராக யாரும் கேட்டதில்லை. ரிப்பேர்தான் வேணும் என்று மனசு துள்ளியது. வாய் அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது.

"இதெல்லாம் ஒரு பொட்டியா ஆத்தா? சும்மா குடுத்தாக்கூட எவனும் தூக்க மாட்டான். எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது."

"அதானே" என்றாள் கல்யாணி. "எனக்கென்ன இதுல. இருந்தா என்ன, போனா என்ன. டேப்பு எம்புட்டு வசதி."

கிறிஸ்டி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பச் சரி ஆச்சி" என்று ஸ்க்ரூவை முடுக்கினாள். பெட்டியை, திரையை, கீபோர்டை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் ஸ்கூட்டரில் வைத்தாள்.

ஏகப்பன் அசையவில்லை. இது அவருக்குத் தெரிந்த கட்டம். எடுத்துக்கொண்டு போகிற மாதிரிதான் போவார்கள், வாசலில் திரும்புவார்கள், அங்கேதான் விலை படியும். கல்யாணியும் அசையவில்லை. எதிர்பார்த்தபடியே வாசலில் கிறிஸ்டி திரும்பினாள். ஏகப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மவுஸை மறந்துட்டேன்யா" என்று வந்து அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ரெண்டு பேரும் பழக்கத்தில் மேசை முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டி இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாகப் பளிச்சென்றிருந்தது. பழக்கத்தில் காப்பியும் வந்தது. குடித்து முடித்ததும் ஒன்றும் செய்வதற்கில்லை.

"இப்பப் பாருங்க, மேசை எம்புட்டு விசாலமா இருக்கு" என்றாள் கல்யாணி.

"ம்."

"இந்த மூலையில ஒரு பூச்சாடி வைக்கணும். எனக்குப் பூச்சாடின்னா உசுரு."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் வாயில் பூச்சாடி என்ற சொல்லை ஏகப்பன் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தார். கல்யாணி அந்தப் பளிச்சென்ற சதுரத்துக்கு முக்கால் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத மூலையை உருகி உருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முதுகு அவருக்கு நன்றாகத் தெரிந்த முதுகு. எத்தனை தேக்குக் கதவுகளுக்கு அவரே காட்டியது. டேப்பு எம்புட்டு வசதி என்று மத்தியானத்திலிருந்து அவள் சொன்னதெல்லாம் இப்போது வேறு மாதிரி கேட்டது. அட பாத்திரக்கடைக்காரர் மகளே, என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில், "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று கூடையை எடுத்துக்கொண்டு கல்யாணி கிளம்பினாள். அவள் போன பிறகு அரைமணி நேரம் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்த ஏகப்பன், கடையைத் திறக்காமல் நேரே செக்காலைக்கு வண்டியை விட்டார். அதற்குள் பெட்டியை உதிரியாகப் பிரித்திருந்தால் என்ன செய்வது என்ற கவலை வழி பூராவும் கூடவே வந்தது. கிறிஸ்டியின் கடைப் படியில் கால் வைக்கும்போதே உள்ளேயிருந்து பழகிய குரல் கேட்டது.

"இந்த பிரிண்டர் எம்புட்டு அம்சமா இருக்கு."

"அதையேதான் ஆச்சி சொல்லிக்கிட்டு இருக்கீக. வேணும்னா பில் போடுறேன்" என்று கிறிஸ்டியின் குரல் அலுத்துக்கொண்டது.

கோயில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கல்யாணி உட்கார்ந்திருந்தாள். கூடையில் பூவும் இல்லை, தேங்காயும் இல்லை. அவளுக்குப் பின்னால் அலமாரியில், முழுசாக, அவர்கள் பெட்டி. வழக்கம்போல அவள் முதுகு அந்தப் பக்கம்.

ஏகப்பனின் கண்ணும் தானாகப் பிரிண்டர் பக்கம் போனது. நல்ல பிரிண்டர் என்று நாக்கு எழுந்துவிட்டது. இந்தப் பெண்ணிடம் அது செல்லாது, வீட்டுக்குப் பிரிண்டர்தான் வந்து சேரும் என்று புரிந்து, நாக்கைப் பிடித்து நிறுத்தினார். பிறகு பெட்டியை நேராகப் பார்த்தார். கண் கூசிய மாதிரி இருந்தது.

"பிரிண்டர் வேணாம்த்தா. அந்தப் பொட்டிதான் வேணும். ஆச்சிக்கு வேணும். எனக்கு அதுக்கு மேல வேணும். ரிப்பேர் பண்ணிக் குடு, சொன்ன விலைக்கே."

கல்யாணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பெண் பார்த்த அன்றைக்குக்கூட அப்படிப் பார்க்கவில்லை. "சொன்ன விலைக்கேவா?" என்றாள், காற்று மாதிரி.

"இதை நேத்தே சொல்லியிருந்தா நான் இம்புட்டையும் சுமந்திருக்க வேணாமேய்யா" என்றாள் கிறிஸ்டி. "ரெண்டு மூணு வருசம் ஓடும். அதுக்கு மேல என்னைக் கேக்கக் கூடாது."

பெட்டியை இறக்கித் திறந்தாள். முன்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். "சுவிட்சும் போயிருக்கே. ரெண்டு நிமிச வேலை. இதுக்குக் காசு வேணாம், சும்மா மாத்தித் தாரேன்."

சும்மா வருவதை வேண்டாம் என்று சொன்ன ஆள் ஏகப்பன் வீட்டிலும் இல்லை, பாத்திரக்கடை வீட்டிலும் இல்லை.

"வேணாம்" என்றார்கள், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கிறிஸ்டி நிமிர்ந்தாள். "அப்ப எப்படித்தான் போடுவீக?"

கல்யாணி மேலே பார்த்தாள். "இந்த ஃபேன் நல்லா ஓடுதுல்ல" என்றாள்.

"நல்ல ஃபேன்" என்றார் ஏகப்பன், அவரும் மேலே பார்த்துக்கொண்டு.