எசனிலிருந்து லஷ்கர்கா பாலத்துக்கு வழி

“லஷ்கர்கா பட்டணத்தில ஒரு கார் வழி தெரியாம நிக்குதெண்டால், எசனில இந்தக் கதிரையில இருந்துகொண்டே, கண்ணை மூடிக்கொண்டு ஆத்துப் பாலத்துக்குக் கொண்டுபோய் விடுவன்.”

உருத்திரமூர்த்தி இப்படிச் சொன்னதும், ஜெர்மனியின் எசன் நகரத்தில் மங்கையற்கரசி அக்காவின் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஏழு பேருக்கும் ஒன்றாகப் புரையேறியது. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தபிறகு போலந்துக்கு அங்கால் கால் வைக்காத மனிதர், ஆப்கானிஸ்தானில் கார் ஓட்டுவிப்பாராம்!

அந்தோனிப்பிள்ளைக்குப் புரையேறவில்லை, வயிறு எரிந்தது. ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து புளுகும் உரிமை பன்னிரண்டு வருடமாக அவருடையது. ரைன் நதியில் திமிங்கிலம் பிடித்த கதைக்குக்கூட இந்த ஏழு பேரும் இப்படி வாய் பிளந்ததில்லை. போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற உருத்திரமூர்த்தி, இன்றைக்கு அந்தக் கதிரையிலேயே ஏறிக் குந்திவிட்டார்.

“உமக்கு எப்பிடி ஐசே தெரியும்?” என்று பாய்ந்தார்.

“சலவைக்கூடத்தில பதினெட்டு வருசம் எனக்குப் பக்கத்தில நிண்டவன் குல் ஸமான், அந்த ஊராள். ‘எங்கட றோட்டெல்லாம் அடிமட்டம் வைச்சுக் கீறினது, உங்கட யாழ்ப்பாணத்து ஒழுங்கை சாரைப்பாம்பு’ எண்டு ஒவ்வொரு நாளும் அளப்பான். எனக்கெண்டால் எரிச்சல். ஒரு பொய்யிலயாவது பிடிப்பமெண்டு சந்தி சந்தியாப் பாடமாக்கினன். கடைசிமட்டும் ஆள் பிடிபடேல்லை.”

“இப்ப நீர் பிடிபடுவீர்!”

அந்தோனிப்பிள்ளை முழங்கால் வலியை மறந்து ஓடி, பக்கத்துத் தெருவில் ரொட்டி சுடும் நியாமத்தை மாவுக் கையோடு இழுத்துவந்தார். நியாமத்தின் தம்பி லஷ்கர்காவில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். சற்று நேரத்தில் கைபேசித் திரையில் அவன் தெரிந்தான், பின்னால் கடைவீதி.

உருத்திரமூர்த்தி கண்ணை மூடினார். அவர் ஜெர்மனில் சொல்ல, நியாமத் பஷ்தூவில் சொன்னார். கோதுமைச் சந்தையிலிருந்து நேரே. நாலாவது சந்தியில் இடம். ஐஸ் தொழிற்சாலைச் சுவரோடு வலம்.

கார் நின்றுவிட்டது. அதற்கு மேல் வழியில்லை, வாய்க்கால்தான் என்றான் தம்பி.

அந்தோனிப்பிள்ளை துள்ளிய துள்ளலில் கடைக்கூரை தப்பியது அக்கா செய்த புண்ணியம். “எழும்பும் ஐசே, கதிரையை விட்டு!”

உருத்திரமூர்த்தி கண்ணைத் திறக்கவே இல்லை. காரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடிக்கச் சொன்னார். மடித்தால் வாய்க்காலின் கரைக்கட்டு மேலால் கார் போகுமாம்.

கண்ணாடிகள் மடிந்தன. ஒரு சில்லு பாதி அந்தரத்தில் தொங்க, கார் கரைக்கட்டின் மேல் ஊர்ந்தது. எதிரே வந்த கழுதை மரியாதையாக ஒதுங்கி நின்றது. பிறகு திரை நிறைய ஆறு. ஆற்றின் மேல் பாலம். அங்கேயே பிறந்து வளர்ந்தவன், இந்தப் பெரியவர் எங்கள் ஊரில் எந்தத் தெருக்காரர் என்று கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை, அன்றைக்கு வராத செல்வராசா கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். “விசர்க்கதை! அந்தோனி அண்ணை சொல்லட்டும். அவர் இல்லையெண்டால் இல்லை.”

அந்தோனிப்பிள்ளை இப்போது வாசலோர முக்காலியில். கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் முதுகில் அறைந்தது. ஒரு ‘இல்லை’ சொன்னால் போதும், கதிரை திரும்பி வந்துவிடும். கதிரையைப் பார்த்தார். ஹீட்டரைப் பார்த்தார்.

“நடந்தது,” என்றார். “நாசமாப்போன கார் அந்தக் கட்டாலதான் போனது. இந்தக் கண்ணால பாத்தன்.”