மாப்பிள்ளை எழுதிய கட்டுரை

"கைக்கூலியா? தௌபா, தௌபா! அத நாங்க கையால தொட மாட்டோம்" என்று சாபிரா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வரதட்சணைப் பேச்சு அதோடு முடிந்ததென்று தண்டையார்பேட்டையில் கமாலின் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மகனுக்குப் பெண் பார்க்க வந்த சாபிரா இன்னொரு சமோசாவை எடுத்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"புள்ள புல்லட்டு ஓணும்னு ஆசப்படறான். பின்னாடி குந்திகினு போவப் போறது ஒங்க பொண்ணுதான? ஏசி ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க, வேர்க்கப் போறதும் அவளுக்குத்தான். அப்பால, படிப்ப நிப்பாட்டிடணும். ரொம்பப் படிச்சா வாய் நீண்டுக்கும்."

லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கும் கமால் தலையை ஆட்டினார். புல்லட்டுக்கும் ஆட்டினார், ஏசிக்கும் ஆட்டினார், மகளின் படிப்புக்கும் அதே ஆட்டல்தான். உள்ளே நின்று ஜஸீமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பி.ஏ. ஆங்கிலம் முடிக்க அவளுக்கு இன்னும் ஒரே வருடம்தான் இருந்தது.

செருப்பு மாட்டும்போதுதான் சாபிராவுக்கு ஞாபகம் வந்தது. "நம்ம புள்ள அஃப்ரித்தும் அதே இங்கிலீஷ் படிப்புதான். கட்டுரை எழுதற பேப்பரு மட்டும் மூணு தபா ஊத்திகிச்சு. ஒங்க பொண்ணு அதுல கெட்டியாமே? எழுதிக் குடுத்துடட்டும். அதுக்கப்புறம் நிப்பாட்டிக்கலாம்."

அந்தக் கட்டுரைக்குப் பல்கலைக்கழகம் போட்டிருக்கும் சட்டதிட்டங்கள் சம்பந்தி வீட்டுச் சட்டதிட்டங்களையே மிஞ்சும். கோபம் தெரியக் கூடாது. சொல்வதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். எதிர்த் தரப்பின் வாதத்தை மரியாதையாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். 'நான்' என்று எழுதவே கூடாது. கடைசி விதியில் தன் வகுப்பே திணறியபோது ஜஸீமாவுக்கு மட்டும் அது தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. பிறந்ததிலிருந்து வீட்டில் அதே பயிற்சிதானே.

அஃப்ரித்துக்குக் கொடுத்த தலைப்பு, 'உங்கள் பகுதியில் ஒரு வழக்கம்: நேரில் திரட்டிய சான்றுகளுடன்' என்பது. ஜஸீமா எழுதிக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அவன் கொண்டுபோய்ச் சேர்த்தான். வகுப்பிலேயே அதுதான் அதிக மார்க். பேராசிரியை ஜானட் எல்லோரையும் கைதட்டச் சொன்னாராம்.

சாபிராவுக்குத் தலைகால் புரியவில்லை. நிக்காஹ் தேதி குறிக்க வந்த அன்று அந்தக் காகிதங்களையும் கையோடு கொண்டு வந்தாள். ஜமாத்திலிருந்து வந்திருந்த மஜீது பாய் முன்னால் மகனிடம் நீட்டி, "தமிழ்ல படிச்சுச் சொல்லுடா" என்றாள். அஃப்ரித் இருமினான், தண்ணீர் கேட்டான்.

"வெக்கப்படறான்" என்று சிரித்துவிட்டு, "நீ சொல்லும்மா" என்று ஜஸீமாவிடம் கொடுத்தாள்.

ஜஸீமா தந்தையைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல் தலையை ஆட்டினார்.

"கைக்கூலி ஒழிந்துவிட்டது என்பது மாப்பிள்ளை வீட்டாரின் வாதம்" என்று அவள் நிதானமாக ஆரம்பித்தாள். "பெண்ணுக்கு மஹர் என்னும் மணக்கொடை கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. ஆனால் அண்மையில் ஒரு மாப்பிள்ளையின் தாய், கைக்கூலியைத் தொடவே மாட்டோம் என்று சொல்லி, சமோசா தின்று முடிப்பதற்குள் புல்லட்டும் ஏசியும் கேட்டார். வண்டியில் பின்னால் உட்காரப் போவது பெண்தான் என்பது அவர் தரப்பு நியாயம். பெண் ஏன் முன்னால் உட்காரக் கூடாது என்பதற்கு அவரிடம் சான்று கிடைக்கவில்லை."

மஜீது பாய் வாய்விட்டுச் சிரித்தார். "ஷோக்கா எழுதிகீறான்! யார் வூட்லப்பா நடந்துது இது?"

சாபிராவின் முகம் வெளுத்தது. "டேய், பெத்தவளயே இப்டி எழுதி வச்சிகீறியா?"

"அல்லா மேல ஆணையா நான் எழுதலம்மா! எல்லாம் அவதான் எழுதுனா!" என்று கத்தினான் அஃப்ரித்.

மகன் துரோகி இல்லை என்று சந்தோஷப்படுவதா, மகன் மக்கு என்று ஊருக்குத் தெரிந்துபோனதற்கு அழுவதா? சாபிரா எழுந்துவிட்டாள். "இவ்ளோ படிச்ச பொண்ணு நம்ம வூட்டுக்கு ஒத்துவராது."

கமால் அன்று முழுக்க மகளோடு பேசவில்லை. தெரு சிரிக்குமே என்று அவருக்குப் பயம். அதைவிட, எல்லாவற்றுக்கும் சரி சொன்ன தன்னை நினைத்து வெட்கம். திங்கட்கிழமை அவள் காலேஜுக்குக் கிளம்பியபோது அவர் தடுக்கவில்லை.

அந்த நேரத்தில் கல்யாணத் தரகர் தஹ்சீன் பாய் வந்து வாசலில் நின்றார்.

"சம்பந்தம் வேணவே வேணாமாம் பாய். வேற எடம் பாக்கச் சொல்ட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா, புள்ளைக்கு இன்னொரு பேப்பரு நிக்குதாம். ஒங்க பொண்ணு எழுதுனா மார்க்கு கொட்டுதாமே. எழுதிக் குடுக்குமான்னு கேட்டுகினு வரச் சொன்னாங்க."

கமால் மகளைப் பார்த்தார்.

"எழுதலாமே மாமு" என்றாள் ஜஸீமா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "கைக்கூலி இன்னா தருவாங்கன்னு கேட்டுகினு வாங்க."