கண்ணாடிக் கிளாசில் ஒரு டீ

பாபநாசம் பக்கத்து ராமாயிக்கு எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருஷம் சேற்றில் நின்று நாற்று நட்டவளுக்கு முட்டி தேயாமல் என்ன செய்யும்? காப்பீட்டு அட்டையிலேயே வேறு முட்டி வைத்துவிடலாம் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு எட்டில் நின்றது. பத்துக்கு ஏறினால்தான் கத்தி வைப்போம் என்றார்கள்.

மகள் அமிர்தம் விடுவாளா? தினம் இரண்டு முட்டை, முருங்கைக்கீரை, மீன், டப்பாவில் அடைத்த புரதப் பொடி என்று அம்மாவைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். இரும்புச் சத்து மாத்திரையும் ஒருநாள் தவறவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே எட்டு! அடுத்த மாதமும் ஏறாவிட்டால் ஆபரேஷன் பேச்சையே விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். ராமாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் தோளையும் பிடிக்காமல் முக்கு டீக்கடை வரை நடந்துபோய் அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும். அவளுக்கு இருந்ததே இந்த ஒரு ஆசைதான்.

நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கும் மங்களாம்பிகையிடம் அனுப்பினார்கள்.

"மாத்திரைய எதோட போடுறீங்கம்மா?"

"டீயோடதான். வெறுந்தண்ணியில முழுங்க அது என்ன பேதி மாத்திரையா?"

"போச்சு போங்க! டீ குடிச்சா அந்தச் சத்து உடம்புல ஒட்டாதே. மொதல்ல டீய நிறுத்துங்க."

ராமாயிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டீய நிறுத்தித்தான் வரணும்னா அந்த முட்டியே எனக்கு வேணாம். அமிர்தம், கிளம்புடி."

"அப்படி என்னம்மா அந்த டீயில?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் மறுபடி உட்கார்ந்தாள். உதயசூரியன் முதல்முறை ஜெயித்த வருஷம் அது. ராமாயி கல்யாணமாகி வந்த புதுசு. அவர்கள் தெருவுக்கு டீ என்றால் அந்த முக்குக் கடைவாசலில் தரையில் குத்தவைத்து, கொட்டாங்கச்சியில் வாங்கிக் குடிப்பதுதான். கூலி அரைப்படி கூட்டிக் கேட்டுச் சங்கம் கொடியேற்றிய மாதத்தில், அவள் புருஷன் ஐயாவு நேரே உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கிளாசில் டீ கேட்டான். மிராசுதார் ஆட்கள் மண்டையைப் பிளந்துவிட்டார்கள். மறுநாள் தலையில் கட்டோடு போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தான். பின்னாலேயே தெரு முழுக்கப் போனது. கடைக்காரர் கிளாசை எடுத்து வைத்தார்.

"எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. கை சுட்டுச்சு, கீழ வைக்க மனசில்ல. அந்த இனிப்பு அப்புறம் எந்த டீயிலயும் வரலம்மா. மூணு மா நெலத்துக்குப் பட்டா வந்தன்னைக்கும் டீதான், இவ பொறந்தன்னைக்கும் டீதான். நல்லது எதுவும் எனக்கு டீயோடதான். அதான் மாத்திரையும்."

மங்களாம்பிகை மருந்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "டீய விட வேணாம்மா. மாத்திரைக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரம் எடவெளி இருக்கட்டும். மாத்திரைய எலுமிச்சம்பழச் சாறோட போடுங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

அடுத்த மாதம் பத்தரை காட்டியது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "இனிமே தரையில குத்தவைக்கவே கூடாது. எங்க போனாலும் பெஞ்சு, நாற்காலியிலதான் உக்காரணும். புரியுதா?"

ராமாயி சிரித்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

"இத எங்க வீட்டுக்காரரு அம்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாருங்க."