பத்தாவது கட்டில் ஒன்றும் குறையவில்லை

1

ஒன்பது வருடக் காத்திருப்பின் விலை பதினெட்டாயிரம் ரூபாய். அதுவும் ஒன்பதையும் சேர்த்து எடுத்தால்தான். பிரித்து விற்றால் அந்த விலையும் இல்லை.

விலை சொன்னவள் அன்னெக் என்ற ஒல்லாந்துக்காரி. பெரிய பட்டமொன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் வழுக்கி விளையாடத் தலைமன்னார்ப் பக்கம் வந்தவள். (மன்னார்க் கோட்டையை விட்டுவிட்டு இவர்கள் போய் இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. விலை பேசுவதை மட்டும் விடவில்லை.) விலையைக் கேட்டவன் மில்ரன், பேசாலையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். நடுவில் நின்று அவளுடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கியவன் நான்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. வருகிறவரின் செருப்பைப் பார்த்து மடியிலுள்ள காசைச் சொல்லுகிற பரம்பரை. மொழிபெயர்ப்புக்குத் தரகு கேட்டிருப்பேன், வியாபாரம் படியவில்லை. ஆகவே இந்தக் கதையைத் தரகாக எடுத்துக்கொண்டேன். மில்ரனுக்கு அது தெரியும்.

"எழுதுங்கோ அண்ணை. முடிவை மட்டும் நீங்களா எழுதிப் போடாதேங்கோ" என்றான்.

கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்லுகிற நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'பேசாலைக் கடலில் அன்று அலை'

விட்டுவிட்டேன். அன்று அலையை யார் பார்த்தது?

இரண்டாவது தொடக்கம்: 'மில்ரனின் அலுமாரியில் ஒன்பது கட்டுச் சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு'

இது பரவாயில்லை. ஆனால் சீட்டு என்றதும் நீங்கள் முந்நூற்று நாலு ஆட உட்கார்ந்துவிடுவீர்கள். இவை குறி பார்க்கிற சீட்டுகள். டாரட் என்றால் கட்டுக்கு எழுபத்தெட்டு: சூரியன், நிலா, இடி விழுந்த கோபுரம், வாள்கள், கிண்ணங்கள். ஓரக்கிள் என்று இன்னொரு வகை உண்டு; அதில் கணக்கு ஒழுங்கில்லை, படம் கீறியவர் வைத்ததுதான் எண்ணிக்கை. மில்ரன் குறி பார்க்கமாட்டான். பார்த்தாலும் தேவாலயப் பங்கில் இருக்கவிடமாட்டார்கள். அவன் சேர்க்கிறவன்.

சேர்க்கத் தொடங்கியது இப்படி. ஒன்பது வருடத்துக்கு முன் அவனுடைய மனைவி றஞ்சிதா இத்தாலிக்குப் போனாள். பலெர்மோவில் படுக்கையில் கிடக்கும் ஒரு சீமாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. விமான நிலையத்தில் மில்ரன் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "போன்ல கதைக்கிறது காத்தோட போயிடும். கடுதாசி போடு."

நாலு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரு கட்டுச் சீட்டு.

"இதென்னப்பா?" என்று போனில் கேட்டான்.

"இஞ்சாருங்கோ, நீங்கள்தானே கடுதாசி கேட்டனீங்கள்? ஒண்டு கேட்டனீங்கள். எழுபத்தேழு அனுப்பியிருக்கிறன். இன்னும் என்ன வேணும்?"

"பெட்டியில எழுபத்தெட்டெண்டு போட்டுக்கிடக்கு."

"அப்ப எது இல்லையெண்டு தேடுங்கோ. அதுதான் கடுதாசி."

எங்கள் பக்கத்தில் எழுதுகிற கடிதமும் கடுதாசி, விளையாடுகிற சீட்டும் கடுதாசி, வெறுங் காகிதமும் கடுதாசி. மற்றவர்கள் மூன்று சொல்லைச் செலவழிக்கிற இடத்தில் நாங்கள் ஒன்றோடு சிக்கனம் பிடிக்கிறோம். அந்தச் சிக்கனத்துக்கு மில்ரன் கொடுத்த விலையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

3

வேலை முடிந்து, மண்ணெண்ணெயில் எண்ணெய்க் கறையைக் கழுவி, சவர்க்காரம் போட்டு, கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சீட்டைத் தொடுவான். போனில் ஒரு பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டு, இத்தாலியப் பெயர்களை எழுத்துக்கூட்டி, பாயில் ஒவ்வொன்றாகப் பரப்பினான். மூன்று கிழமை பிடித்தது. இல்லாத சீட்டு, ஒரு காலில் தலைகீழாகத் தொங்குகிற மனிதன்.

"கண்டுபிடிச்சிட்டன். தொங்கிறவன்."

"ஓம். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நான் அப்பிடித்தான் போறன்."

ஒரு வருடம் நிலாவை எடுத்து வைத்துக்கொண்டாள். அங்கும் இங்கும் ஒரே நிலாதானாம், இரண்டாவது எதற்கு என்றாள். கடற்பிராணிகளின் படம் கீறிய நாற்பத்து நாலு சீட்டு ஓரக்கிள் கட்டில் திருக்கை இல்லை. "திருக்கைப் புட்டுச் சாப்பிட ஆசையாக் கிடந்தது. படத்தையாவது வைச்சிருப்பம்."

(ஐந்தாவது பார்சலில் குறைந்தது, மூன்று வாள்கள் குத்தி நிற்கும் இருதயம். அந்த வருடம் உயிலங்குளத்தில் றஞ்சிதாவின் தாய் செத்துப்போனாள். வதிவிடக் கடுதாசி இல்லாமல் இத்தாலியை விட்டு வெளிக்கிட்டால் திரும்பப் போகமுடியாது. அடக்கத்துக்கு அவள் வரவில்லை. குறைந்த சீட்டு எதுவென்று மில்ரன் அன்றே கண்டுபிடித்துவிட்டான். அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.)

இடையில் மில்ரனுக்குச் சேர்க்கிறவர்களின் வியாதி பிடித்துவிட்டது. எந்த அச்சகம், எந்த வருடம், பின்பக்கம் கட்டமா பூவா என்பதெல்லாம் அத்துப்படி. உப்புக் காற்றில் சீட்டு ஊதிவிடும் என்று முகப் பவுடர் தடவி, பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ரப்பர் வளையம் போட்டு, அரிசி நிரப்பிய பிஸ்கற் ரின்னுக்குள் வைத்தான். 'நீலப் பின்பக்கம், ஓரம் வட்டமாய் வெட்டினது, கிடைச்சா விடாத' என்று அவளுக்கு வொய்ஸ் போடுவான். அவள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடுவாள்.

"அஞ்சு யூரோ சொன்னவன். ஒரு கடுதாசி குறையுதெண்டு எண்ணிக் காட்டி மூண்டுக்கு எடுத்தனான்."

"குறைஞ்சதோ?"

"அதை முதலே என்ர கோட்டுப் பொக்கற்றுக்க வைச்சிட்டுத்தானே எண்ணினனான்."

"அடி பாவி!"

"பாவசங்கீர்த்தனத்தில சொல்லிப்போட்டன். பாதரும் சிரிச்சவர்."

(பேசாலைப் பாதரும் ஏமாந்தார். வீடு மந்திரிக்க வந்தவர் ரின்னைப் பார்த்து என்னவென்று கேட்டார். "கடுதாசி, பாதர்." "ஆரிட்டயிருந்து?" "மனிசியிட்டயிருந்து." "நல்லது மகன். பத்திரமா வை." மேலே தண்ணீரும் தெளித்துவிட்டுப் போனார்.)

குறைச் சீட்டுகளெல்லாம் அவளிடம் இருந்தன. வதிவிடக் கடுதாசி கிடைத்ததும் எல்லாவற்றையும் தானே கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அதனால் ஒவ்வொரு கட்டும் குறையாக வந்தபோதெல்லாம் மில்ரனுக்கு நிறைவாக இருந்தது.

4

போன மாதம் பத்தாவது கட்டு வந்தது. பழைய டாரட், ஐம்பது வருடத்து அச்சு, அவன் நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த நீலப் பின்பக்கம்.

எண்ணினான். எழுபத்தெட்டு.

மறுபடி எண்ணினான். ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒவ்வொன்றாய் விரலால் பிரித்தான். எழுபத்தெட்டு.

அதற்கு முதல் நாள் ஒரு வொய்ஸ் வந்திருந்தது. எனக்கும் போட்டுக் காட்டினான். பின்னால் பஸ் இரைகிறது. "இஞ்சாருங்கோ, கடுதாசி எல்லாம் சரிவந்திட்டுது. இனி ஒண்டும் குறையில்ல. நீங்கள் யோசிக்காதேங்கோ."

வதிவிடக் கடுதாசி சரிவந்துவிட்டது, வரப்போகிறேன் என்கிறாளா? சீட்டு முழுதாகிவிட்டது, இனி உன்னுடையதில் எனக்கென்று ஒன்றும் வேண்டாம் என்கிறாளா? ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரே சிக்கனம் பிடித்தால் இப்படித்தான்.

போனை எடுத்துக் கேட்டால் என்ன என்கிறீர்கள். நானும் இந்தப் பாத்திரத்தை அந்த இடத்தில்தான் சந்தேகப்பட்டேன். மூன்று ஞாயிறாக அவளிடமிருந்து அழைப்பு இல்லை, அவனும் எடுக்கவில்லை. அவள் பெயருக்குக் கீழே 'ஒன்லைன்' என்று வந்து வந்து மறைவதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். கடையில் இப்படி ஆட்களைக் கண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே நின்று சேலையைப் பார்ப்பார்கள், உள்ளே வந்து விலை கேட்கமாட்டார்கள். கேட்காத வரைக்கும் அது வாங்கக்கூடிய சேலை.

5

அன்னெக் வந்தது அப்போதுதான். அவளும் சீட்டுச் சேர்க்கிறவள் என்று கேள்விப்பட்டு மில்ரனே யாரோ மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். எல்லாவற்றையும் விற்றுவிடுவதென்று முடிவு.

அவள் பத்தாவது கட்டைத்தான் முதலில் தூக்கினாள். அறுபதாயிரம் என்றாள்.

"அது அவ்வளவு பெறாதெண்டு சொல்லுங்கோ அண்ணை."

"தம்பி, அது அவள் சொல்லவேண்டிய வசனம்."

"மற்ற ஒன்பதுக்கும் எவ்வளவாம்?"

"பதினெட்டாயிரம். ஒவ்வொண்டிலயும் ஒண்டு குறையுதாம். குறைஞ்சது கட்டே இல்லையாம்."

"குறையிறதுக்குத்தானே விலை!"

இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? 'யோசிக்கிறார்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன்.

பிறகு அன்னெக் இன்னொன்று கேட்டாள். சேர்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற சாதாரணக் கேள்வி. "கடைப் பிளாஸ்ரிக் உறை பிரிக்காமலே பாசலுக்குள்ள வந்ததோ எண்டு கேக்கிறாள். அந்த உறை இருந்தா இன்னும் முப்பதாயிரம் போடுவாளாம்."

"ஓம்" என்றான் மில்ரன். பிறகு "இல்லை" என்றான். பிறகு எஞ்சின் மூடியின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஆசையில பெற்றோல் குழாய் வெட்டுற கத்தியால ஒரே இழுவையில கிழிச்சனான், அண்ணை. எது பாசல் உறை, எது கட்டின்ர உறை... எல்லாத்தையும் சேத்து எரிச்சுப்போட்டன்."

உறை பிரிபடாமல் வந்திருந்தால், அவள் கட்டைத் திறக்கவேயில்லை. சீட்டு எதையும் எடுத்திருக்க முடியாது. உறை முதலே பிரிந்திருந்தால், அவள் எழுபத்தெட்டையும் பார்த்து, தனக்கென்று ஒன்றும் வேண்டாமென்று மூடி அனுப்பியிருக்கிறாள். அவன் கேட்கப் பயந்த கேள்விக்குப் பாதிப் பதில் அந்த உறையில் இருந்தது. அதை அவனே எரித்துவிட்டான்.

ஒல்லாந்துக்காரி தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள். "விக்கேல்லையெண்டு சொல்லுங்கோ" என்றான்.

6

முடிவு (அ): றஞ்சிதா வருகிறாள். பேசாலை ஸ்ரேசனில் இறங்குகிறாள், கைப்பையில் ஒன்பது சீட்டு. ஒரு பக்கம் எழுதினேன். அவள் நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் பேனை நின்றுவிட்டது. அவளை நான் கண்டதில்லை. மில்ரனும் ஒன்பது வருடமாகப் போனில்தான் கண்டிருக்கிறான். அந்த முகம் மேடையில் இறங்கியபோது எப்படி

முடிவு (ஆ): அவள் வரமாட்டாள். அங்கே யாரோ இருக்கிறார்கள். இதை அரைமணி நேரத்தில் எழுதி முடித்தேன். பேரம் பேசாமல் படிகிற சரக்கில் ஏதோ பழுது இருக்கும் என்று கிழித்தேன்.

முடிவு (இ): ஒன்றுமே இல்லை. பாவம், வேலைக்கு ஓடுகிற ஓட்டத்தில் உறையைப் பிரிக்க நேரமில்லாமல் அப்படியே தபாலில் போட்டுவிட்டாள். இதுதான் நடந்திருக்கக்கூடியது என்று மில்ரனிடம் ஆறுதலாகச் சொன்னேன். (அ)வுக்கும் (ஆ)வுக்கும் வராத கோபம் அப்போது அவனுக்கு வந்தது.

"நேரமில்லையெண்டு மட்டும் எழுதாதேங்கோ அண்ணை. வேண்டாமெண்டு விட்டிருந்தாலும் பறவாயில்ல. அது என்னை யோசிச்சுச் செய்தது."

7

நேற்று மில்ரன் பத்தாவது கட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். வெளியே ஒருவர் தன் எஞ்சினுக்காக ஏசிக்கொண்டு நின்றார். மத்தியானம் வெளியே வந்தபோது கையில் வாய் ஒட்டிய கடித உறையொன்று இருந்தது. மோட்டார்சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு மன்னார்த் தபால் கந்தோருக்குப் போனான்.

முத்திரை விற்கிற கருமபீடத்தில் சுவேதினி என்ற பிள்ளை. உறையை நிறுத்துவிட்டு அழுத்திப் பார்த்தாள்.

"உள்ளுக்கு என்ன அண்ணா?"

"கடுதாசி."

"மொத்தமாத் தடிச்சுக் கிடக்கு. கடுதாசியோ சாமானோ?"

"கடுதாசிதான், பிள்ளை."

"ஏதோ மட்டை மாதிரியெல்லோ?"

"ஓம், அதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். மொழிபெயர்க்க நான் மறுத்துவிட்டேன். பதிவுத் தபால் துண்டை ஒட்டி, முத்திரை குத்தி உள்ளே போட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அவள் இஞ்ச வர வெளிக்கிட்டிருந்தா, இது போய்ச் சேரேக்க அங்க ஆள் இருக்காதே?"

"அப்ப இது திரும்பி வரும், அண்ணை. திரும்பி வந்தா அவள் வெளிக்கிட்டிட்டாள். வராட்டி அவளிட்டப் பத்து இருக்கு, கொண்டுவரத்தானே வேணும். ரெண்டும் எனக்கு லாபம்."

அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

எந்தச் சீட்டை அனுப்பினான் என்று எனக்குக் காட்டவில்லை. எழுபத்தெட்டில் ஒன்றை நீங்களே எடுங்கள். அவள் அதைப் பிரித்துப் பார்த்து என்ன செய்வாள் என்பதும் உங்கள் பொறுப்பு. நான் வாக்குக் கொடுத்தவன். எண்ணத் தெரிந்ததை மட்டும் எண்ணிவைக்கிறேன்.

டாரட் ஏழு கட்டு, எழுபத்தெட்டுப்படி: 546.
ஓரக்கிள் மூன்று கட்டு, 44, 36, 45: ஆக 125.
மொத்தம்: 671.

பேசாலையில் ரின்னுக்குள்: 661.
பலெர்மோவில்: 9.
தபாலில்: 1.
சீட்டுக் கணக்குச் சரி.

ஆட்கள்: 2.
பேசாலையில்: 1.
நிலுவை: 1.