மூன்றாவது மாடியில் வின்சென்ட்

"தண்ணி வாணாங்கா. அவரு எங்க கீறாரு, அத்த மட்டும் சொல்லுங்க."

"உக்காரும்மா மொதல்ல."

"திங்கக்கெழம காலைல ட்ரெயினுக்குப் போனவரு. இன்னிக்கி வெள்ளி. போன் ஆஃப். உங்க கேட்ல இன்னா சொல்றாங்க தெரியுமா? மேல வேல செஞ்சினு கீறாராம்."

ஆஷா தரையைப் பார்த்தாள். அவள் அந்த மூன்றாவது மாடியிலிருந்துதான் இறங்கி வந்திருந்தாள். அங்கே வின்சென்ட்டின் நாற்காலி திங்கட்கிழமையிலிருந்தே காலி. லீவு போட்டிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது எதிரே அவன் மனைவி சங்கமித்ரா, தங்கவயலிலிருந்து அவன் தினமும் வரும் அதே ரயிலில் நின்றுகொண்டே வந்தவள், அல்சூர் ஏரிப் பக்கத்து இந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் வரவேற்பறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன். அவங்க உங்க ஆபீசுக்கு எழுதிக் கேட்டாங்க. டீ ஆறதுக்குள்ள பதில் வந்துட்ச்சி. டூட்டில கீறாருன்னு. 'டூட்டில கீற ஆள எப்படிம்மா காணோம்னு எழுதறது, வூட்ல சண்டையா'ன்னு சிரிக்கிறாங்க."

அந்தப் பதிலை எழுதியது மனிதர் அல்ல என்பது ஆஷாவுக்குத் தெரியும். இங்கே ஒவ்வொருவருக்கும், அவரைப் போலவே எழுதப் பழகிய ஓர் ஏஐ ஏஜென்ட் உண்டு. மெயிலுக்குப் பதில் எழுதும், மீட்டிங்கில் உட்காரும், கையெழுத்திடும். வருகைப்பதிவுக்கும் ஓர் ஏஜென்ட் இருந்தது. ஒருவர் வந்துவிட்டார் என்று சக ஊழியர் யாராவது உறுதிசெய்தால் அதற்குப் போதும்.

தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வரும் ஆஷா, வின்சென்ட் கூட்டத்துக்கு ஒரு பழைய வழக்கம். ரயில் தாமதமானால், முதலில் வந்து சேர்பவர் எல்லோருடைய வருகைக் கார்டையும் தேய்த்துவிடுவார். கார்டு போய் ஏஜென்ட் வந்தபோது, கான்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்துகொண்டே, சிரித்துச் சிரித்து, எல்லோரும் தங்கள் ஏஜென்ட்டுக்கு ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள்: நம்ம ஆளு வந்துட்டானான்னு கேட்டா, வந்துட்டான்னு சொல்லு. யோசனை ஆஷாவுடையது. அது எத்தனை நாளைக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

"வா, மேல போய்ப் பாத்துடலாம்," என்றாள்.

பாதுகாவலர் நாகேஷ் சங்கமித்ராவின் பெயரைத் தட்டினார். பாஸ் ஏற்கெனவே தயாராக இருந்தது. சந்திக்க வேண்டியவர், வின்சென்ட். அனுமதி கொடுத்தவர், வின்சென்ட்.

சங்கமித்ராவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களாக்கா! கீறாரு! அப்புறம் ஏன் ஆளுக்கு ஆளு பயமுறுத்தறீங்க?"

லிஃப்டில் அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். ஆஷாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது மாடியில் பாதி விளக்குகள் அணைந்திருந்தன. ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் எரியும் விளக்குகள் அவை. வின்சென்ட்டின் மேஜைக்கு மேலே ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பிடித்த அளவில் குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி மேஜையோடு ஒட்டித் தள்ளப்பட்டிருந்தது. சங்கமித்ரா அதன் முதுகைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

"பாத்ரூம் போயிருப்பாரா?"

பக்கத்து மீட்டிங் அறையின் கதவில் அவன் பெயர் ஒளிர்ந்தது. ஆஷா மெல்லத் திறந்தாள். ஆளில்லை. சுவரிலிருந்த பெரிய திரையில் ஒரு கூட்டம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பெயர்கள் மட்டும், அவற்றுக்குக் கீழே வரிகள், தூறல் போல ஒன்றன்பின் ஒன்றாக.

வின்சென்ட்: சரி, அத நான் பாத்துக்கறேன்.

ஆஷா: தேங்க்ஸ் வின்சென்ட். மத்தியானம் கேன்டீன்ல பாத்தப்பவே சொல்லணும்னு நெனச்சேன்.

ஆஷா தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வார்த்தைகள் அவளுடையவைதான், அவள் அப்படித்தான் பேசுவாள். அந்த மத்தியானத்தில் மட்டும் அவள் இல்லை.

"நீங்க இன்னிக்கி அவர பாத்தீங்களாக்கா?"

"இல்லம்மா. அது... நான் இல்ல."

அவசரமாக ஃபோனை எடுத்து நிர்வாகப் பிரிவுக்கு எழுதினாள்: 'வின்சென்ட் திங்கள் முதல் வரவில்லை. நான் உறுதிசெய்தது எல்லாம் பொய்.' அனுப்பியும்விட்டாள். பொய் என்று ஒத்துக்கொண்டால் அவள் வேலை மட்டும் போகாது, அந்த ரயில் பெட்டியே வேலையிழந்து வீட்டில் உட்காரும்.

பதில் உடனே வந்தது, மிகப் பணிவாக. 'இந்தச் செய்தி ஆஷாவின் வழக்கமான நடையில் இல்லை. ஆஷாவிடம் கேட்டோம். அவர் இதை அனுப்பவில்லை என்கிறார். அவர் இப்போது வின்சென்ட்டுடன் மீட்டிங்கில் இருக்கிறார்.'

இருவருக்கும் தலைக்கு மேலே விளக்கு எரியவில்லை என்பதை ஆஷா அப்போதுதான் கவனித்தாள். திரையின் வெளிச்சத்தில்தான் நின்றிருந்தார்கள். கையை ஆட்டிப் பார்த்தாள். எரியவில்லை.

திரையில் வின்சென்ட்டின் பெயருக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்து விழுந்தது. ஆஷாவின் பெயருக்குக் கீழேயும் ஒன்று.

சங்கமித்ரா ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு திரையிலிருந்து திரும்பி, ஆஷாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க என்கூட போலீஸ் ஸ்டேஷனுக்கு வாங்க. அவர நீங்க பாக்கவே இல்லன்னு, உங்க வாயால ஒரு தபா சொல்லுங்க. வர்றீங்களா?"