டண்டினோங் மண்டபத்தில் பெய்த பனி

பெங்குயின்களைக் கண்டபோதே இது சரிவராது என்று தர்ஷனாவுக்குத் தெரிந்துவிட்டது. மெல்பேர்ணின் டண்டினோங் மண்டபத்து மேடையில் இரண்டு பக்கமும் அவை ஆளுயரத்தில், பஞ்சு அடைத்த தொந்தியைத் தள்ளிக்கொண்டு நின்றன. சுவிஸில் பன்னிரண்டு வருடம் குடியிருந்தவள் அவள். மாடு கண்டிருக்கிறாள், நரி கண்டிருக்கிறாள், குளிரில் விறைத்த காகத்தைக் கண்டிருக்கிறாள். அந்த நாட்டில் பெங்குயின் திரிந்ததாக ஒருவரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அலங்காரத்துக்குப் பொறுப்பான பிரதீப்குமாரிடம் அதைச் சொன்னாள். பனி என்றால் பெங்குயின் இல்லாமல் எப்படி அக்கா என்று அவன் அவளையே திருப்பிக் கேட்டான். செவிடன் காதில் சங்கு ஊதி என்ன பயன் என்று அவள் வேறு வேலை பார்க்கப் போனாள்.

அன்றைக்கு அவளுடைய ஒரே மகள் வினுஷாவுக்குச் சாமத்திய வீடு. பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள் என்பதை ஊரைக் கூட்டி, மேடை போட்டு, வீடியோ எடுத்து அறிவிக்கிற சடங்கு. தர்ஷனாவைக் கேட்டிருந்தால், நோபல் பார்க்கில் இருந்த தங்கள் வீட்டிலேயே தலைக்குத் தண்ணீர் வார்த்து, முட்டையும் நல்லெண்ணெயும் கத்தரிக்காயும் கொடுத்து, தெரிந்த நாலு பெண்களோடு முடித்திருப்பாள். அவளை யார் கேட்டார்கள்? கணவன் கபிலனின் தமையன் தேவராஜா இருக்கும்வரை அந்தக் குடும்பத்தில் வேறு யாரையும் எதுவும் கேட்கிற வழக்கம் இல்லை. மெல்பேர்ணில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் கையில் மைக் ஏறாமல் அங்கே ஒரு கொண்டாட்டமும் முடிந்ததில்லை. எத்தனை வீட்டுச் சாமத்தியத்தில் கை நனைத்தோம், இப்போது நம் கதவைச் சாத்திக்கொண்டால் சனம் காறித் துப்பாதோ என்றார். சனம் துப்பும் என்ற பயத்தில்தான் எங்கள் ஆட்கள் பாதிக் காரியங்களைச் செய்கிறார்கள். மீதிப் பாதியைச் சனம் பார்க்கவேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள்.

வினுஷா ஒரேயடியாக முடியாது என்றாள். அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்தாள். பெரியப்பா வெருட்டிப் பார்த்தார், பெரியம்மா கொஞ்சிப் பார்த்தாள். பிள்ளை அசையவில்லை. தர்ஷனாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இப்படியே கிடந்து ஆறிப்போய்விடும் என்று நம்பினாள்.

ஆறவிடாமல் செய்தவன் கபிலன். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் பெரிய கரைச்சல். மகளுக்கு உயிர் எது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

வினுஷா பிறந்து ஏழு வயது வரை வளர்ந்தது சுவிஸில் ஐன்சீடெல்ன் என்ற மலையூரில். மாரி தொடங்கினால் பனி சன்னல் வரை ஏறிவிடும். கபிலன் உணவகத்துக் குசினியில் சட்டி தேய்க்கப் போனபின், தர்ஷனா பிள்ளையை மரச்சறுக்கு வண்டியில் இருத்திக் கயிற்றால் இழுத்துக்கொண்டு பாலர் பள்ளிக்குப் போவாள். கீழ்வீட்டுப் பெண்மணி விடியமுன்னம் தன் வாசலோடு இவர்களுடைய வாசல் பனியையும் வழித்து வைத்திருப்பாள். நன்றி சொன்னால் காது கேளாதவள் மாதிரிப் போய்விடுவாள். அந்த ஊர் மடாலயத்துக் கறுப்பு மாதாவைக் கும்பிட பேர்ணிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வருகிற நம் சனம், கற்பூரம் எங்கே கொளுத்துவது என்று தர்ஷனாவைத்தான் தேடிப்பிடித்துக் கேட்கும். அதைச் சொல்லிச் சொல்லி அவளும் கபிலனும் சிரித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஏரி. தை மாதத்தில் கல்லாக உறைந்துவிடும். நடக்கலாம் என்று ஊர்க்காரர் பலகை நட்டதும் தாயும் மகளும் ஏரி நடுவுக்குப் போய், பனிக்கட்டியில் காதை வைத்துக் குப்புறப் படுப்பார்கள். அடியிலிருந்து பெரிய மாடு பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் எழும்பி வரும். தண்ணீர் புரண்டு படுக்குது என்பாள் தாய். பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பாள். அங்கே அவர்களை யாரும் பார்க்கவில்லை, எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கவில்லை. தர்ஷனாவின் சீவியத்தில் அதைவிட நல்ல நேரம் வந்ததில்லை. மெல்பேர்ணுக்கு வந்த பிறகும் இரண்டு பேரும் குசினியில் வேலை செய்தபடி அந்த ஏரியைப் பற்றித்தான் கதைப்பார்கள். வேறு யாருக்கும் அதில் பங்கு கொடுத்ததில்லை. கபிலன் பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறான் போலும்.

ஒருநாள் அவன் மகளின் அறைவாசலில் நிலத்தில் குந்தியிருந்து, "உன்ர ஏரியை அப்பா மண்டபத்துக்குள்ள கொண்டு வாறன்" என்றான். பனி, சறுக்கு வண்டி, எல்லாம் வரும் என்றான். கதவு திறந்தது. வினுஷா சிரித்தாள், பிறகு யோசித்தாள், பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்.

"என்ர ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் வருவினம். அவைக்கு இது பேர்த்டே பார்ட்டி. வேற ஒண்டும் ஒருத்தரும் சொல்லக்கூடாது. ப்ராமிஸ்?"

கபிலன் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். விடுமுறை முடிந்ததும் அந்த இருவரோடுதான் அவள் புதிதாக ஹைஸ்கூலுக்குப் போகவேண்டும். விஷயம் கசிந்தால், பள்ளிக்கூடத்துக்கு அவள் போகமுன்னம் அது போய்ச் சேர்ந்துவிடும். மகளுக்கு இதில் எவ்வளவு இருக்கிறது என்று தர்ஷனாவுக்கு விளங்கியது. அண்ணருக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கபிலனைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஓம், ஓம், தலையாட்டினவர் என்றான் அவன். பூம்பூம் மாடும் தலையாட்டும்.

சடங்கன்று வெளியே வெயில் தார் உருக எரித்தது. மண்டபத்துக்குள் இயந்திரம் பனியைக் கக்கியது. பனி என்றால் சவர்க்கார நுரை. மலிவான ரோசாப்பூ வாசனையோடு அது கிழவர்களின் வழுக்கைத் தலையில் விழுந்தது, பட்டுச் சேலைகளில் விழுந்தது, தட்டுகளில் இருந்த ரோல்ஸில் விழுந்தது. ஒரு அன்ரி அதைச் சுண்டிவிட்டுவிட்டுத் தின்றாள். ஏரி என்று கண்ணாடித் தகடு விரித்து, நீல விளக்கு அடித்திருந்தார்கள். அதன்மேல் ஆயிரம் செருப்புத் தடம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை பழசு. இங்கே ஏரி பிடிக்கப் போய்க் குளியலறை ஆகியிருந்தது. தர்ஷனாவின் சேலைக்கு மேல் மயிர்க் கழுத்து வைத்த ஒரு கோட்டை மாட்டிவிட்டார்கள். முன்பு போட்டவர்களின் வியர்வை நாற்றம் அதில் அடித்தது. கபிலன் கம்பளித் தொப்பியோடு நின்றான். மூக்கு நுனியில் வியர்வை சொட்ட, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

ஸ்பீக்கரில் ஏதோ உறுமியது. கரடியா, பைப் உடைந்ததா என்று தெரியவில்லை. ஏரிச் சத்தம் என்று பிரதீப்குமார் பெருமையாகச் சொன்னான்.

தர்ஷனா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "அதையும் இவனுக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்றாள். அதுதானே ஸ்பெஷல் என்றான் கபிலன். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கட்டினவனிடம் இப்படி ஒரு உணர்ச்சி வரும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

கதவு திறந்தது. சில்லுப் பூட்டிய சறுக்கு வண்டியில் வினுஷா வந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் கிரீடம், கன்னத்தில் மினுக்கம். ஒன்றுவிட்ட சகோதரங்கள் இழுத்தார்கள். பிள்ளை நுரைக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேடையில் தாயைத் தேடினாள். இரண்டாம் வரிசையில் அவளுடைய வெள்ளைக்காரச் சிநேகிதிகள் இருவரும் கைதட்டினார்கள். ஒருத்தி மடியில் பிறந்தநாள் பரிசுப் பொதி.

வண்டி மண்டபத்தின் நடுவுக்கு வந்தபோது தேவராஜா கையைத் தூக்கி அதை நிறுத்தினார். மைக் அவர் வாயருகே போனது. தமிழில் வரவேற்றார். பிறகு, நம்மிடம் விசேட விருந்தாளிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம் பண்பாடு விளங்கவேண்டும் என்று சொல்லி, அந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்து ஆங்கிலத்தில் தொடங்கினார். இது பிறந்தநாள் இல்லை என்றார். எது என்பதையும் சொன்னார். எந்த மாதம், அப்போது பிள்ளை எங்கே இருந்தாள், யார் முதலில் கண்டது, எதையும் விடவில்லை. சனம் சிரித்துக் கைதட்டியது. சிநேகிதிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்தினாள்.

வினுஷா அழவில்லை. கமெரா முன்னால் நின்றதால் சிரித்தபடியே இருந்தாள். அழுதிருந்தால்கூடத் தர்ஷனாவுக்குத் தாங்கியிருக்கும். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தாங்கவில்லை.

கோட்டைக் கழற்றிக் கீழே போட்டாள். மேடையை விட்டிறங்கி, நுரையில் சேலை நனைய நடந்து, பிள்ளையின் கிரீடத்தைக் கழற்றி, கையைப் பிடித்து எழுப்பினாள். கபிலன் பின்னால் ஓடிவந்தான்.

"என்ன செய்யிறீர்? வீடியோ ஓடுது, தர்ஷனா."

"அந்தப் பெங்குயினை ஏத்தி இழுங்கோ. ஒரு சனத்துக்கும் வித்தியாசம் தெரியாது."

குசினிப் பக்கத்துக் கதவால் தாயும் மகளும் வெளியேறினார்கள். கார் அடுப்பாய்க் கொதித்தது. தர்ஷனா ஏசியைப் போட்டாள், கைக்குட்டையால் பிள்ளையின் கன்னத்து மினுக்கத்தைத் துடைத்தாள். அது போவதாக இல்லை. கைக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தையை எடுத்தாள்.

"ரெண்டு பேரும் ஒருக்காப் போவம், பிள்ளை. உண்மையான ஏரியைப் பாத்திட்டு வருவம்."

வினுஷா முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள்.

"வேண்டாம் அம்மா. அங்க நான் சின்னப்பிள்ளை. இப்ப இல்லையெண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு."

திறந்து கிடந்த குசினிக் கதவால் தேவராஜாவின் குரல் மைக்கில் கேட்டது. சாப்பாடு தயார், எல்லோரும் வரிசையாக வாருங்கள் என்று அவர் அழைத்துக்கொண்டிருந்தார். கதிரைகள் ஒன்றாக இழுபடும் சத்தம் கேட்டது. ஒருவர்கூட அவர்களைத் தேடி வெளியே வரவில்லை.