வலது கால்

"கைய எடு. நான் போட்றேன்" என்று எலியாஸ் தங்கையின் கையைத் தட்டிவிட்டான்.

இறந்துபோன அப்பா சத்தியநாதன் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டுமாகக் கட்டிலில் கிடந்தார். இடது காலில் ஷூ ஏறிவிட்டது. வலது காலில் ஏறவில்லை. தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தபோது ஈரத்தோல் கட்டு விழுந்து நசுங்கிய கால் அது. பாதம் உள்பக்கமாகத் திரும்பியே இருந்தது. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் எலியாஸ் நல்ல ஜோடியாகப் பார்த்துத்தான் கொண்டுவந்திருந்தான். என்ன அழுத்தியும் குதிகால் வெளியிலேயே நின்றது.

"நேராக்காத ண்ணா. அது திரும்புற பக்கமே வுட்டு அழுத்து" என்றாள் ஜெனிஃபா.

"எனக்கு சொல்லித் தர்றியா? இந்தக் கால வெச்சுத்தான கைதட்டு வாங்குன."

அப்பாவின் தங்கை ராஜம்மாள் கதவோரத்தில் உட்கார்ந்திருந்தாள். "காலைலேந்து ஒரு சொட்டு கண்ணீர் வுடல பாரு. டிக்கெட் வெச்சாத்தான் அழுவா போல."

ஜெனிஃபா ஷூவின் லேஸை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.

நர்சிங் சீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போய் நாடகம் படித்தவள் அவள். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு குழுவில் சேர்ந்தாள். மூட்டை தூக்கினாள், விளக்குப் பிடித்தாள், கூட்டத்தில் ஒருத்தியாக நின்றாள். பிறகு முதல் பெரிய வேஷம் கிடைத்தது, வயதான தொழிலாளி ஒருவன். அந்த நாடகம் வேலூருக்கு வந்தபோது எலியாஸ் கம்பெனி ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனான். என் தங்கச்சி என்று பெருமையாகச் சொல்லித்தான் கூட்டிப்போனான். மேடையில் அவள் நாலடி நடந்ததுமே அது யாருடைய நடை என்று தெரிந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. அவன் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பாதியில் எழுந்து வந்தவன் அதன்பிறகு அவளோடு பேசவில்லை.

"சனிக்கிழம மறுபடி ஷோவாமே?" என்று எலியாஸ் கேட்டான்.

"ஆமா."

"இனிமே அந்த நட நடக்கமாட்டேன்னு சொல்லு. சொல்லிட்டு பொட்டி பின்னாடி வா. இல்லனா வராத."

"அப்பாதான் ண்ணா நடந்து காட்னாரு. வீட்டு பின்னால, தண்ணித் தொட்டிகிட்ட. நீ தப்பா ஊன்றன்னு திருத்துனாரு."

"செத்தவரு வந்து சாட்சி சொல்லமாட்டாருன்னு தைரியம் உனக்கு."

எலியாஸ் மறுபடி குனிந்தான். பாதத்தை அது திரும்பிய பக்கமே விட்டு அழுத்தினான். ஷூ ஏறிக்கொண்டது. அவள் முகத்தைப் பார்க்காமல் லேஸைக் கட்டினான்.

பாஸ்டர் ஜெபம் முடித்ததும் பெட்டியைத் தூக்கினார்கள். எலியாஸ் முன்பக்கம் தோள் கொடுத்தான். தெருமுனை திரும்பும்போது, பின்னால் ஒரு செருப்பு தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. ஓர் ஊன்றல், ஓர் இழுப்பு.

"ஏய், ஒழுங்கா நடடி! இங்கியுமா?" என்று ராஜம்மாள் சீறினாள்.

சத்தம் நிற்கவில்லை. பெட்டி தோளில் இருந்ததால் எலியாஸால் திரும்ப முடியவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஓர் ஊன்றல், ஓர் இழுப்பு.

"எலியாஸ், பின்னால பாரம் தாங்கல. கொஞ்சம் வேகமா போ" என்று பெட்டியின் பின்பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

இழுபடும் சத்தம் பின்தங்கிக்கொண்டே வந்தது. அவன் இன்னும் மெதுவாக நடந்தான்.